மதுரைச் சந்தில் ராத்திரிப் படம்: லென்ஸ் வாங்கட்டுமா?

கேள்வி: 3 நவம்பர் 2023, இரவு 9.40

டிசம்பரில் மூன்று இரவு மதுரையில் தங்குகிறேன். கோயிலைச் சுற்றியுள்ள பழைய சந்துகளை ராத்திரியில் எடுக்க ஆசை. போன முறை எடுத்ததெல்லாம் பகலில் எடுத்தது போல வெளிச்சமாக, எந்த ஊர் என்றே தெரியாமல் வந்துவிட்டது. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, 18-55 லென்ஸ், புதுப் போன் இருக்கின்றன. நண்பர் ஒருவர் "இப்போது போனிலேயே நைட் மோட் இருக்கிறது, ட்ரைபாட் எல்லாம் அந்தக் காலம்" என்கிறார். இன்னொருவர், இருட்டில் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும் என்று 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா? எந்தச் சந்துக்குப் போகலாம்?

பதில்: 3 நவம்பர் 2023, இரவு 11.15

லென்ஸ் வேண்டாம். அந்தக் காசில் மூன்று இரவை ஐந்தாக்குங்கள்.

உங்கள் படம் பகல் மாதிரி வருவதற்குக் காரணம் கேமரா தன் வேலையை ஒழுங்காகச் செய்வதுதான். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருட்டான சந்து ஒன்றைக் காட்டினால், ஐயோ பாவம் என்று வெளிச்சத்தை ஏற்றிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள். ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். திரையில் "கொஞ்சம் கருப்பாக இருக்கிறதே" என்று தோன்றினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ராத்திரியில் நம் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். திரை அந்த நேரத்தில் பொய் சொல்லும். திரையின் பிரைட்னஸைக் குறைத்து வையுங்கள்.

போனின் நைட் மோட் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, நிழலையெல்லாம் தூக்கிக் கொடுக்கும். திறமையான வேலைதான். ஆனால் சந்தில் பாதி இருட்டு. அந்தப் பாதியை அது எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

4 நவம்பர் 2023, காலை 6.50

எந்தச் சந்து என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தூங்கிவிட்டேன்.

ஊரின் அமைப்பைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கோயில். மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் நான்கு பக்கமும் ஓடுகிறது. இந்தப் பெரிய வீதிகளில் படம் இல்லை. நேராக, அகலமாக, வெளிச்சமாக இருக்கின்றன. ஒரு வளையத்திலிருந்து இன்னொரு வளையத்துக்குக் குறுக்கே போகும் சந்துகளில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளி வீதி இருக்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்து, அகழியை மண் போட்டு நிரப்பி ஊரை வெளியே பெருக்கினார்கள். அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்னுக்கு நன்றியாக மக்கள் வைத்ததுதான் விளக்குத்தூண். இன்று அதன் பெயரைச் சொன்னால் ஜிகர்தண்டாதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். தூணைப் பார்த்தவர்கள் குறைவு.

முதல் இரவு அங்கிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய பத்துக் கல்தூண்கள், ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பருமன், ஜவுளிக்கடைகளுக்கு நடுவில் நிற்கின்றன. பகலில் துணி தொங்கும், வண்டி நிற்கும், தூணைத் தேடத்தான் வேண்டும். கடை அடைத்த பிறகு, ஒன்பதரை பத்துக்கு மேல், அவை மட்டும் எழுந்து நிற்கும்.

இரண்டாவது இரவு நாயக்கர் மகாலுக்குப் பக்கத்துச் சௌராஷ்டிரத் தெருக்கள். மூன்றாவது, தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகள் அடைத்த பிறகு பின்புறத்துப் பட்டறைச் சந்துகள். வரைபடம் பார்த்துப் போகாதீர்கள். திரும்பினால் எப்படியும் ஒரு மாசி வீதியில் வந்து விழுவீர்கள்.

4 நவம்பர் 2023, இரவு 10.05

ட்ரைபாட் பற்றி. வேண்டும். ஆனால் கோயில் பக்கத்துச் சித்திரை வீதியில் அதை விரித்தால் இரண்டு நிமிடத்தில் காவலர் வருவார். சண்டை போடாதீர்கள், மடக்கிக்கொண்டு நகருங்கள். அது பாதுகாப்பு வளையம், அவர் வேலை அது. கோயிலுக்குள் கேமரா கிடையாது, 2018 முதல் போனும் கிடையாது. அதனால் உள்ளே எடுப்பது பற்றிக் கேட்காதீர்கள்.

நான் ட்ரைபாடை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஒரு முறை கேமராவைத் தட்டில் மாட்டும் அந்தச் சின்னச் சதுரத் தகட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது இல்லாமல் ட்ரைபாட் வெறும் மூன்று குச்சி. கீழமாசி வீதி மளிகைக் கடை ஒன்று அடைக்கிற நேரம். ஒரு கிலோ மொச்சைப் பயறு வாங்கி, துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, திண்ணை மேல் வைத்து அதன் மேல் கேமராவை அமுக்கினேன். அசையவே இல்லை. அன்றிலிருந்து அதுதான். பையைத் திண்ணை, மின்பெட்டி, நிற்கிற வண்டியின் சீட், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமர் வையுங்கள்.

அந்த முதல் மொச்சையை மறுநாள் வீட்டில் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்துவிட்டார்கள். இப்போது இருப்பது மூன்றாவது தலைமுறை மொச்சை.

5 நவம்பர் 2023, இரவு 11.30

இன்று வடம்போக்கித் தெருப் பக்கம் போய்விட்டு வந்து எரிச்சலில் எழுதுகிறேன்.

எல்லாம் எல்இடி. தெருவே ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் முன்பு இதே சந்து ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சோடியம் விளக்கு ஒரே ஒரு அலைநீளத்தில், 589 நானோமீட்டர், எரியும். அதனால் எல்லா நிறமும் செத்து, சுவரும் ஆளும் மாடும் ஒரே செம்புப் பாத்திரம் போலத் தெரியும். அதுதான் மதுரை ராத்திரி. இனிமேல் வருபவர்களுக்கு அது கிடைக்காது. நீங்கள் பத்து வருடம் தாமதம், அவ்வளவுதான்.

6 நவம்பர் 2023, மதியம் 1.20

ராத்திரி எழுதியதில் பாதி தப்பு. படித்துவிட்டுத் திருத்திய நண்பருக்கு நன்றி.

ஒரே அலைநீளத்தில் எரிவது குறைந்த அழுத்தச் சோடியம். நம் தெருக்களில் இருந்தது உயர் அழுத்தச் சோடியம். அதில் வேறு நிறங்களும் கொஞ்சம் உண்டு. நிற அளவில் சுமார் 2000 கெல்வின்; எண் குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம். சிவப்பு மங்கும், நீலம் கருப்பாகும், ஆனால் எல்லா நிறமும் செத்துவிடாது. என் பழைய பிரிண்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் பச்சைக் கதவு பச்சையாகவே இருக்கிறது. செம்புப் பாத்திரம் என்று எழுதியது என் ஞாபகம் பூசிய முலாம்.

ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பை, ஆட்டோவில் விடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளைக் கண்டால் கழுவிவிடும். கையால் 3200, 3500 கெல்வினில் நிறுத்துங்கள். வாசல் பல்பு மஞ்சளாகவும் தெருவிளக்கு நீலம் கலந்தும் வரும். இரண்டும் படத்தின் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) இருந்தால் நல்லது; சந்து இப்போது அப்படித்தான் இருக்கிறது.

9 நவம்பர் 2023, இரவு 10.40

ஷட்டர் வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆள் என்ன ஆக வேண்டும் என்பதைப் பொறுத்தது.

விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்றால் நடப்பவர் ஓரளவு நிற்பார். கால் விநாடியில் காலும் கையும் கரைந்து உடம்பு தங்கும். எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டு விநாடியில் புகை. பதினைந்து விநாடியில் ஆளே இல்லை. 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி தாகேர் பாரிஸில் ஒரு பெரிய சாலையை எடுத்தார். எக்ஸ்போஷர் பல நிமிடம். வண்டி, குதிரை, ஜனம் எல்லாம் மறைந்து போய், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. நம் மின்சாரம் 50 சைக்கிள். அதனால் பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். ஐந்நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டை விழும். ஐம்பது அல்லது நூறில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். டீக்கடை, பரோட்டாக் கடை எடுக்கும்போது இதில் பலர் மாட்டிக்கொள்வார்கள்.

10 நவம்பர் 2023, இரவு 9.10

ஃபிலிமில் எடுக்கப் போவதாக வேறொருவர் கேட்கிறார். கோடாக்கின் டிரை-எக்ஸ் ஃபிலிம் போட்டால் ஒளிமீட்டர் பத்து விநாடி காட்டும் இடத்தில் முப்பது விநாடி கொடுங்கள். நீண்ட நேரத்தில் ஃபிலிம் சோம்பேறியாகிவிடும்.

பிற்சேர்க்கை, 10.25: முப்பது இல்லை, ஐம்பது. கோடாக்கின் பழைய தாளைத் தேடி எடுத்துவிட்டேன். ஒரு விநாடிக்கு இரண்டு, பத்துக்கு ஐம்பது, நூறுக்கு ஆயிரத்து இருநூறு. இருபது நிமிடம்! அதற்குள் சந்தில் ஒரு கல்யாணமே முடிந்துவிடும். ஃப்யூஜி அக்ராஸ் ஃபிலிம் என்றால் இரண்டு நிமிடம் வரை திருத்தமே தேவையில்லை.

1930களில் பாரிஸ் ராத்திரிகளை எடுத்த புகைப்படக்காரர் பிரஸ்ஸாய் கடிகாரத்துக்குப் பதிலாகச் சிகரெட்டால் நேரம் அளந்தார். சாதாரண வெளிச்சத்துக்கு ஒரு பிராண்டு, ரொம்ப இருட்டு என்றால் மெதுவாக எரியும் தடித்த பிராண்டு. நான் புகைப்பதில்லை. டீ மாஸ்டர் ஒரு கிளாஸ் டீயை ஆற்றும் நேரத்தை எண்ணிப் பார்த்தேன்: ஆறு விநாடி. மலாய் போட்டுக் கொடுத்தால் ஒன்பது.

12 நவம்பர் 2023, இரவு 11.50

தீபாவளி. புகை. சந்துக்குள் போகவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் தெற்குக் கோபுரத்தின் மேல்பாதி மட்டும் மிதந்தது. எடுக்கவில்லை, பேத்தி கம்பி மத்தாப்போடு துரத்திக்கொண்டிருந்தாள்.

18 நவம்பர் 2023, இரவு 10.30

உருப்படியான ஒரு சந்துப் படத்தைக் காட்டுங்கள் என்று கேட்கிறீர்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை இங்கே போட மனமில்லை, சொல்கிறேன்.

2012. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு, நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. தெற்கு மாசி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில்தான் நான் பிறந்தேன். எட்டடி அகலம். கரண்ட் போனதும் மொத்தச் சந்தும் திண்ணைக்கு வந்துவிடும். அம்மா பனை விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்த் திண்ணையில் கேமராவை வைத்து எடுத்தேன். நிலா வெளிச்சத்தில் எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 800, எட்டு விநாடி. அம்மாவின் முகம் இருக்கிறது, கை இல்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பூச்சி பறக்கிற மாதிரி விசிறி.

எடுக்கும்போது எதிர்வீட்டுப் பாட்டி கேட்டார்: "என்னத்தப்பா எடுக்குற, இருட்டையா?"

ஆமாம் என்றேன்.

19 நவம்பர் 2023, காலை 7.35

தூக்கம் வராமல் பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடினேன். படம் கிடைத்தது. சொன்ன கணக்கு தப்பு. எட்டு இல்லை, பதினைந்து விநாடி. நேரம் மாலை 7.32.

பெரிய தப்பு வேறு. அது நிலா வெளிச்சமே இல்லை. பௌர்ணமியாகவே இருந்தாலும் ஏழரை மணிக்கு நிலா கிழக்கே கீழ்வானத்தில்தான் இருக்கும். எட்டடிச் சந்தில், இரண்டு பக்கமும் மாடி வீடு. உச்சிக்கு வந்தால்தான் தரையில் விழும். அம்மாவின் முகத்தில் வெளிச்சம் கீழிருந்து, இடது பக்கத்திலிருந்து விழுந்திருக்கிறது. மூக்கின் நிழல் மேலே போகிறது. அரிக்கேன். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணைக்குக் கீழ்ப்படியில் வைத்திருந்த அரிக்கேன் விளக்கு. பதினொரு வருடமாக எல்லோரிடமும் நிலா, நிலா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருட்டையா எடுக்கிறாய் என்று கேட்டவரே வெளிச்சம் கொடுத்திருக்கிறார்.

பிளான் மாறுகிறது. பழைய நிறம், புதிய நிறம் என்று நான் ஐந்தாம் தேதி புலம்பியதை மறந்துவிடுங்கள். சந்தில் போய் நின்றதும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: இந்த வெளிச்சம் யாருடையது? தெருவிளக்கு மாநகராட்சியுடையது, அது எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழும். வாசல் பல்பு யாரோ வருவதற்காகக் காத்திருக்கும் வீட்டுடையது. டீக்கடை டியூப், பூக்கட்டும் அம்மாவின் தொங்கு பல்பு, பட்டறையில் ஊதும் விளக்கின் நீல நாக்கு, மாடிப்படியில் யாரோ அணைக்க மறந்தது. ஒவ்வொன்றும் ஓர் ஆளைச் சொல்லும், ஆள் சட்டத்தில் இல்லாவிட்டாலும்.

19 நவம்பர் 2023, இரவு 9.55

மேலே எழுதியது கொஞ்சம் பெரிய பேச்சாகப் போய்விட்டது. நடைமுறை: தெருவிளக்குக் கம்பத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள், அல்லது ஒரு தூணுக்கு, ஒரு தொங்கும் பலகைக்குப் பின்னால் மறையுங்கள். வீட்டு வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். மீதி இருட்டட்டும். லென்ஸின் துளையை எஃப் 8க்கு மேல் சுருக்கினால் பல்பில் நட்சத்திரக் கதிர் வரும், தவிர்க்கப் பாருங்கள். காலண்டர் படமாகிவிடும்.

26 நவம்பர் 2023, இரவு 11.20

திருக்கார்த்திகை. சௌராஷ்டிரத் தெருக்களில் சுற்றினேன். வாசல் பல்பையெல்லாம் அணைத்துவிட்டு வரிசையாக அகல் வைத்திருந்தார்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, பதினைந்தில் ஒரு பங்கு. திரி தூண்டக் குனியும்போது முகம் வரும், நிமிர்ந்தால் போய்விடும். முக்கால் மணி நேரத்தில் நான்கு முகம் கிடைத்தது.

எடுக்கும் முன் கேளுங்கள். வாசல் என்பது வீட்டின் உள்பக்கம்தான், கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அடுத்த வீட்டில் எடுக்கச் சொல்லி, அப்புறம் பொரி உருண்டையும் கொடுத்தார்கள். நடைபாதையில், கடைப்படியில் தூங்குபவர்களை எடுக்காதீர்கள். நான் எடுத்திருக்கிறேன், நிறைய. போட்டிக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். போன வருடம் அந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்தேன். தூங்குகிறவரிடம் கேட்க முடியாது.

29 நவம்பர் 2023, இரவு 8.15

நாய்கள். முக்கியமான விஷயம், மறந்தே போனேன். பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கமிட்டி உண்டு. ஓடாதீர்கள். பிஸ்கட் வேண்டாம், கொடுத்தால் கடைசி வரை கூடவே வந்து ஒவ்வொரு பதினைந்து விநாடிப் படத்திலும் வால் ஆட்டும். உட்கார்ந்துவிடுங்கள், மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஊர்க்காவலும் திருடரும் இந்தத் தெருக்களுக்குப் புதிதல்ல. சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியில் பகல் கடைக்கு நாளங்காடி, ராத்திரிக் கடைக்கு அல்லங்காடி. நள்ளிரவில் இடுப்பில் நூலேணி சுற்றிக்கொண்டு திரியும் கள்வரும் அவர்களைத் தேடும் காவலரும் அதில் வருகிறார்கள். மொச்சைப் பையோடு பதுங்கிப் பதுங்கிப் போகும் என்னைப் பார்த்தால் எந்தப் பக்கம் சேர்ப்பார்களோ.

4 டிசம்பர் 2023, இரவு 10.10

மழை. கிளம்புங்கள் என்று சொல்ல வந்தேன், நீங்கள் இன்னும் வரவில்லை. கல் பாவிய சித்திரை வீதி நனைந்தால் கோபுரத்தின் விளக்கு தரையில் நீளமாக ஓடும். மழை விட்ட பத்து நிமிடம்தான், அப்புறம் செருப்புச் சேறு வந்துவிடும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். பையிலேயே அரைமணி ஊறப்போடுங்கள். எனக்கு ஒரு நல்ல மழை அப்படியே போனது, துடைத்துக்கொண்டே இருந்தேன்.

14 டிசம்பர் 2023, மாலை 4.00

நாளை வருகிறீர்கள். ஒன்று மட்டும். சூரியன் மறைந்ததும் வானம் நீலமாக நிற்பதை நீல நேரம் என்று ஐரோப்பாக்காரர்கள் ஒரு மணி நேரக் கணக்கு எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக இறங்கும். இங்கே செங்குத்தாக விழும். மதுரையில் நமக்குக் கிடைப்பது இருபது, இருபத்தைந்து நிமிடம். இந்த மாதம் ஆறே காலுக்கு இடத்தில் நில்லுங்கள். வானத்தின் நீலமும் வாசல் பல்பும் ஒரே அளவுக்கு வரும் கணம் ஒன்று உண்டு, வடை வேகும் நேரம்கூட இருக்காது.

18 டிசம்பர் 2023, இரவு 9.30

உங்கள் படங்கள் வந்தன. முப்பத்தொன்றில் இரண்டு நன்றாக இருக்கிறது. மூன்று இரவுக்கு அது அதிகம்.

பத்துத்தூண் படம்: தூணுக்கு மொத்த வெளிச்சமும் கொடுத்துவிட்டீர்கள், சுற்றுலா விளம்பரம். ஆனால் இரண்டாவது, தூணின் அடியில் அடைத்த கடைப் பலகையில் உட்கார்ந்து போன் பார்க்கும் பையன், முகத்தில் போன் வெளிச்சம் மட்டும், பின்னால் தூண் கருப்பாக ஏறிப் போகிறது. இதைப் பிரிண்ட் போடுங்கள். நாயக்கர் காலத்துக் கல்லுக்குப் பக்கத்தில் அந்த வெளிச்சத்துக்குச் சொந்தக்காரன் அவன்தான்.

போனில் எடுத்தது என்கிறீர்கள். நைட் மோடை அணைத்துவிட்டு. சரி, நண்பர் பாதி சரி.

21 டிசம்பர் 2023, காலை 7.10

மார்கழி. ராத்திரி என்றால் பத்து மணி என்றே இத்தனை நாளும் எழுதிக்கொண்டிருந்தேன். இன்று நாலரைக்குப் போனேன். ஒன்பது மணிக்குக் கடைகளுக்குச் சொந்தமான சந்து நாலரைக்கு வீடுகளுக்குச் சொந்தம். வாசல் தெளித்து ஈரத் தரை, அதில் ஒரு பல்பின் பிம்பம், கோல மாவுக் கிண்ணம், சாணி உருண்டையில் செருகிய பூசணிப் பூ. தெருமுனையில் செய்தித்தாள் கட்டைப் பிரித்து அடுக்குகிறார்கள். ஜால்ரா சத்தம் வருகிறது, ஆள் தெரியவில்லை. ஆறே காலுக்கு வானம் நீலமாகிறது, சாயங்காலத்தைவிடச் சுத்தமான நீலம், புகை இல்லை.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதைக் கேட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் பாதியை நீங்கள் வீணாக்கிவிட்டீர்கள்.

9 பிப்ரவரி 2024, இரவு 10.45

இஸ்திரிக்காரர் ஒருவரைப் பல வருடமாக எடுக்கிறேன். சந்து முனையில் தள்ளுவண்டி, கரிப்பெட்டி, தலைக்கு மேல் மஞ்சள் குண்டு பல்பு. இன்று போனால் வெள்ளை எல்இடி. ஏன் மாற்றினீர்கள், மஞ்சள்தானே அழகு என்றேன்.

"மஞ்சள்ல வெள்ளைச் சட்டைக் கறை தெரியாதுண்ணே. ரெண்டு தடவை திட்டு வாங்கிட்டேன்."

நவம்பர் 5 குறிப்பை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், எரிச்சலில் இருப்பவன் எப்படி எழுதுவான் என்பதற்கு.

எட்டு விநாடி கொடுத்து அவரை எடுத்தேன். கை ஓயாமல் போய் வந்ததால் அவர் மறைந்துவிட்டார். பேண்ட்டுக்காகக் காத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் மீசை மயிர் வரை தெளிவாக. தாகேர் படத்தில் பாலிஷ் போட்டவரைவிடப் போட்டுக்கொண்டவர்தான் தெளிவாகத் தெரிவார். நூற்றெண்பது வருடமாகக் கேமராவுக்கு இந்தப் புத்தி மாறவில்லை. ஆனால் பெட்டியின் வாயில் கரிக்கங்கு இருந்தது. அது போய் வந்த பாதை மட்டும் மேசை மேல் சிவப்புக் கோடு கோடாக.

24 ஏப்ரல் 2024, மதியம் 3.30

அழகர் ஆற்றில் இறங்கி முடிந்தது. மூன்று ராத்திரி தூக்கமில்லை. மாசி வீதியில் தேர், சுவாமி புறப்பாடு, ஊரே கையில் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, அத்தனையும் வெளிச்சம். உருப்படியாக ஒன்றும் இல்லை. சுவாமி கடந்த பிறகு கடைசியாகப் போகும் தீவட்டிக்காரர் குறுக்குச் சந்தில் திரும்பினார். சந்து மொத்தமும் அவர் கூடவே நகர்ந்தது: ஜன்னல் கம்பியின் நிழல் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குத் தாவியது. பேட்டரி தீர்ந்திருந்தது. நல்லதுதான், நின்று பார்த்தேன்.

இல்லை, நல்லது இல்லை. இன்னொரு பேட்டரி கொண்டுபோயிருக்க வேண்டும்.

2 மே 2024, இரவு 9.20

பிப்ரவரிப் படத்தைப் பிரிண்ட் போட்டு இஸ்திரிக்காரரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"நான் எங்கண்ணே?"

சிவப்புக் கோடுகளைக் காட்டினேன். இதுதான் நீங்கள், எட்டு விநாடி. மறுபடியும் பார்த்தார். உட்கார்ந்திருந்தவரின் மேல் விரலை வைத்து, "இந்தாளு இன்னும் காசு குடுக்கல" என்றார்.

வண்டியில், எல்இடிக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறார். நேற்று அந்தப் பக்கம் போனேன். யாரோ ஒருவர் இது எந்தக் கோயில் விளக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.